முதல் கையெழுத்து

கிழக்கேவிளை, பாறசாலை
9 ஜூலை 2023

அன்புள்ள சுகுவுக்கு,

ஞானபாய் அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். மொட்டைமாடியில் ஏறி நின்றால் உன் கொடியில் காயும் துணி தெரிகிறது. அதை வைத்து நீ நன்றாக இருக்கிறாய் என்று முடிவு செய்துகொண்டேன். எங்கள் நிலைமை உனக்குத் தெரியும். தெரிந்துதான் ஃபோனை எடுக்காமல் இருக்கிறாய் என்று படுகிறது.

பதினாறு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தைக் கையில் எடுத்தேன். மடித்துச் சுவருக்கு மேலே எறிந்தால் உன் கிணற்றடியில் விழும். அந்த அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை. உங்கள் பக்கம் வேறு போஸ்ட் ஆபீஸ் என்பதால் கடிதம் திருவனந்தபுரம் போய்த்தான் திரும்பி வருமாம், நாலு நாள் ஆகுமாம். உன் வீட்டுக் குக்கர் விசில் இங்கே எண்ணும்படி கேட்கிறது, கடிதத்துக்கு நாலு நாள்.

ரயில் பாதையை இரட்டையாக்கினார்கள், நம் கேட்டை மூடினார்கள், மே மாதக் கடைசியில் சுவரும் எழுப்பிவிட்டார்கள். அதற்கு நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் கேட்பது உன் வீட்டுக்காரரை, சதாசிவன் தம்பியைப் பற்றி. எங்கள் வீட்டில் இவருக்குப் பக்கவாதம் வந்த நாலு வருஷமும் காலை ஆறரைக்குத் தம்பி கேட்டைக் கடந்து வந்துவிடுவார். அவர் தலைப்பக்கம், நான் கால்பக்கம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து திரும்பக் கட்டிலுக்கு. சாயங்காலமும் இதேபோல. சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்ன அன்று அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, நான் உண்டு ஆக்கும். வேற ஆளு எதுக்கு?" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் நான் யாரையும் தேடாமல் இருந்தேன்.

சுவர் வந்த முதல் வாரம் ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டு தினமும் வந்தார். தெற்கே ஜங்ஷன் வரை போய், அங்கே புதிதாகக் கட்டிய அடிப்பாதையில் நுழைந்து, மறுபடி வடக்கே வர ஆறு கிலோமீட்டர். இரண்டாம் வாரம் மூன்று நாள் வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஜூன் இருபத்தைந்துக்குப் பிறகு வரவேயில்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் தனியாகத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இவர் எண்பது கிலோ. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். பால் கொண்டுவரும் புஷ்பபாய் வரும்வரை ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தோம். இவருக்குப் பேச வராது என்பதால் நான்தான் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். இடுப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் வட்டத்துக்குப் புண் வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் அது உள்ளே இறங்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். ஷார்ஜாவில் இருக்கும் மகன் சஜனிடம் இதை நான் சொல்லவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் தம்பியை அனுப்பு, சுகு. முடியாது என்றால் ஏன் என்று சொல்லு. இவர் காலை ஆறரைக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஞானபாய்


தோட்டத்துவிளை, பாறசாலை
2 ஆகஸ்ட் 2023

ஞானக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், முதலில் எழுதிய இரண்டையும் கிழித்துப்போட்டேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழ்தான் எனக்கு, பிறகு எல்லாம் மலையாளம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவருக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருக்கிறது. எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நாலு வருஷம் எண்பது கிலோவைத் தூக்கினால் முதுகு என்ன செய்யும் என்று நீங்கள் ஒரு நாளாவது யோசித்தீர்களா? எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும். அதற்கு முன் போக ஆறு, வர ஆறு. மழையில் அந்த அடிப்பாதையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. இதெல்லாம் நீங்கள் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்கிறீர்கள்.

கேட்டை மூடியது நாங்கள் இல்லை. கிழக்கே ஏழு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டீர்கள், நீங்களும் போட்டீர்கள். இப்போது எங்கள் பக்கம் விரல் நீட்டினால் எப்படி?

நீங்கள் கணக்குக் கேட்டால் எனக்கும் கேட்க உண்டு. என் மகள் நந்தனாவின் குழந்தைக்கு ஜூனில், பிறந்த இருபத்தெட்டாம் நாள், அரைஞாண் கட்டினோம். நந்தனா பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது நீங்கள் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவள் பிள்ளையைப் பார்க்க வரவில்லை. ராஜையா அண்ணனைத் தனியாக விட்டு வர முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு ஆட்டோ பிடித்து அரை மணி நேரம் வந்திருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆறு கிலோமீட்டர் உங்களுக்கும் தூரமாகத்தானே இருந்தது?

சனிக்கிழமை நம் அயல்கூட்டம் உங்கள் முற்றத்தில்தான் நடக்கும். குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் பதினெட்டு வருஷம் ஒரே கூட்டமாக இருந்தோம். கிழக்கே உள்ள ஏழு வீட்டையும் வேறு கூட்டத்தில் சேர்த்தாயிற்று. உங்களுக்கு ஆஷா சுகாதாரப் பணியாளர் வேறு, ரேஷன் கடை வேறு, நர்ஸ் வேறு. யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை. எது பக்கமோ அதில் சேர்ந்துகொண்டோம், அவ்வளவுதான். எனக்குத் தெற்குவீட்டு லேகாவின் பெயரே சுவர் வந்த பிறகுதான் தெரியும். இப்போது தினமும் சாயங்காலம் பேசுகிறோம். உங்களோடு பேசிய அதே பேச்சுத்தான்.

ஆகவே, அன்பு, உறவு என்று பெரிய பெயரெல்லாம் வேண்டாம் அக்கா. உங்கள் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடந்தால் நூறு எட்டுகூட இல்லை. அதனால் கறி கொடுத்தோம், பிள்ளையைப் பார்த்துக்கொண்டோம், ஆளைத் தூக்கினோம். நீங்கள் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் நான் உங்களைச் சந்தையில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். சஜன் அனுப்பமாட்டானா?

சுகுமாரி


கிழக்கேவிளை
18 பிப்ரவரி 2024

சுகுமாரிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். நீ எழுதியதில் பாதி சரிதானோ என்றுகூட ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தையைப் பார்க்க வராதது என் குற்றம், அதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறு காரியம்.

ஜனவரியில் சஜனுக்குக் கல்யாணம் ஆயிற்று. உங்களுக்கு அழைப்பு அனுப்பினேன். சதாசிவன் தம்பி மட்டும் சர்ச்சுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, சாப்பிடாமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்து இவரைப் பார்க்கவில்லை. மருமகள் பெயர் ஜின்சி, பாலராமபுரத்துப் பெண். மலையாளத்தில் படித்தவள். சஜன் திரும்பிப் போன பிறகு இவளும் நானுமாகத்தான் இவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறோம். புண் இப்போது உள்ளங்கை அளவு.

போன வாரம் ரேஷன் கார்டு தேடுவதற்காகப் பெட்டியைத் திறந்தோம். அதில் நீ என்னிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்த நகல் இருந்தது, இரண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டம்பரில் நான் கையெழுத்துப் போட்ட காகிதம். ஜின்சி சும்மா எடுத்து வாசித்தாள். பாதியில் நிறுத்தி, "மாமி, இத நீங்க எதுக்குப் போட்டிய?" என்று கேட்டாள்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழில் படித்துவிட்டு இருபத்தோரு வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டவள் நான். மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. இவர் நெய்யாற்றின்கரையில் நிலப் பத்திர ஆதாரம் எழுதிக்கொண்டிருந்தவரை எந்தக் காகிதத்துக்கும் எனக்கு இன்னொருவர் தேவைப்படவில்லை. இவர் விழுந்த பிறகு எல்லாவற்றையும் நீதான் வாசித்துச் சொன்னாய். நீ வாசித்தால் நான் போடுவேன். கரண்டு பில் முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை அப்படித்தான். அன்றும் இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாசித்தாய். "ஒண்ணும் இல்ல அக்கா. கேட்டு மூடினா நமக்கு வேற வழி வேணும்னு கேக்குத பேப்பராக்கும். இங்க ஒரு ஒப்பு போடுங்க" என்றாய்.

ஜின்சி வாசித்ததில் இன்னும் நாலு வரி இருக்கிறது. கேட்டை நிரந்தரமாக மூட எனக்கு ஆட்சேபனை இல்லை. கேட்டு இருந்த இடத்தில் அடிப்பாதை வேண்டாம், தெற்கே ஜங்ஷன் பக்கம் அமைத்தால் போதும். என் வீட்டில் எழுந்து நடக்க முடியாத நோயாளி இருக்கிறார். அதையும் யோசித்தே இதற்குச் சம்மதிக்கிறேன். இந்த நாலையும் நீ எனக்கு வாசிக்கவில்லை.

இன்னொன்று. நீ காகிதத்தை இவர் கட்டிலில் வைத்துவிட்டுத்தான் காப்பி குடித்தாய். பேச்சுப் போன பிறகும் இவர் மலையாளப் பத்திரிகையைத் தினமும் விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசிக்கிறாரா, சும்மா பார்க்கிறாரா என்று நமக்குத் தெரியாது. நீ காகிதத்தை என் கையில் தந்தபோது இவர் இடது கையைத் திரும்பத் திரும்ப உயர்த்தினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து நான் கொடுத்தேன். குடிக்கவில்லை. மறுபடியும் கையை உயர்த்தினார். "இரியும், இந்தா வாறேன்" என்று அதட்டிவிட்டு நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த நாலு வரியும் உன் கண்ணில் படவில்லை என்று நீ எழுதினால்கூட நம்பிக்கொள்கிறேன். நம்புவதற்கு ஏதாவது எழுது.

ஞானபாய்


தோட்டத்துவிளை
27 மார்ச் 2024

ஞானக்காவுக்கு,

கண்ணில் படாமல் இல்லை. பட்டது. விட்டுவிட்டுத்தான் வாசித்தேன்.

நீங்கள் கேட்டதால் காரணத்தையும் எழுதுகிறேன். அந்த ஆகஸ்டில் அளவெடுக்க வந்தவர்கள் எங்கள் முன்சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கேட்டு இருந்த இடத்திலேயே அடிப்பாதை வந்தால், அதில் இறங்குகிற ரோடு எங்கள் எட்டு சென்டில் ஐந்தை எடுத்துக்கொள்ளும். அடுக்களையும் போகும், கிணறும் போகும். மீதியில் ஒரு கோழிக்கூடு வைக்கலாம். என் அம்மா எனக்குத் தந்த மண் அது. இந்த ஊரில் கும்பம், மீனம் மாதக் கோடையிலும் வற்றாத கிணறு அது ஒன்றுதான். உங்கள் கிணறு வற்றும்போதெல்லாம் நீங்களும் அதில்தான் கோரினீர்கள்.

இரண்டு இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் என்றார்கள். கிழக்கே ஒரு படுத்த நோயாளி இருப்பதால் கேட்டு இருந்த இடமே நல்லது என்று அவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பை மாற்ற உங்கள் கையெழுத்து வேண்டும். உங்களுடையது முதலில் விழுந்தால் மற்ற ஆறு வீடும் யோசிக்காமல் போடும் என்று எனக்குத் தெரியும். அப்படியே நடந்தது. "ஞானக்காவே போட்டாச்சு, நமக்கு என்ன?" என்று சொல்லித்தான் எல்லாரும் வாங்கிப் போட்டார்கள்.

நேராகச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நான் கேட்டிருந்தால் நீங்கள் அழுதுகொண்டே போட்டிருப்பீர்கள். அல்லது போட்டிருக்கமாட்டீர்கள். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. கேட்டு மூடினாலும் எல்லாரும் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் வருவார்கள், சுவர் கட்டமாட்டார்கள் என்று நினைத்தேன். அது மட்டும் சத்தியம்.

அண்ணன் வாசித்தார். காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன், அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் உங்கள் வீட்டுக்குள் வந்தது எத்தனை தடவை என்று எண்ணிப்பாருங்கள். வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்பேன்.

இதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இன்னொரு பொய்யாகும். இவருக்கு முதுகு வலி உண்டு. தூக்கக்கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான்தான் போகவிடவில்லை. இவருக்கு அந்தக் காகிதத்தில் இருந்தது தெரியாது. தினமும் அண்ணனின் முகத்துக்கு நேரே குனிந்து தூக்குகிற ஆள். ஒரு நாள் அண்ணன் ஏதாவது ஜாடை காட்டி இவருக்குப் புரிந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். சுவர் வந்ததும் எனக்குக் காரணம் கிடைத்தது. தூரம், மழை, முதுகு, கடை என்று தினமும் ஒன்று சொன்னேன். மனுஷன் எத்தனை நாள் சண்டை போடுவார்? போகாமல் விட்டுவிட்ட வெட்கத்தில்தான் கல்யாணத்தன்று வீட்டுக்கு வரவில்லை.

மன்னிப்பு கேட்கவில்லை அக்கா. உங்கள் வீட்டில் கோடு போட்டிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவரிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்கு இனி இந்த வீடும் இவரும்தான் மிச்சம்.

சுகுமாரி


தோட்டத்துவிளை
14 அக்டோபர் 2024

ஞானக்கா,

நேற்று நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில் புஷ்பபாயைப் பார்த்தேன். அவள் சொல்லித்தான் தெரிந்தது. அண்ணன் போய்ப் பன்னிரண்டு நாள் ஆயிற்றாமே.

இரண்டாம் தேதி சாயங்காலம் உங்கள் சர்ச் மணி அடித்ததைக் கேட்டேன். அடுக்களையில் நின்று கேட்டேன். யாரோ போய்விட்டார்கள் என்று இவரிடம் சொன்னேன். யார் என்று கேட்க ஒருத்தரும் இல்லை, கிழக்கே யாருடைய நம்பரும் இப்போது என்னிடம் இல்லை. லேகாவிடம் கேட்டேன், அவளுக்கு அந்தப் பக்கம் யாரையும் தெரியாது. அதோடு விட்டுவிட்டேன். அன்று ராத்திரிக்கு மீன் வைத்தேன்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவர் உங்கள் கல்லறைத் தோட்டத்துக்கென்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். இன்று காலைதான் திரும்பி வந்தார்.

எனக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்கமாட்டேன். வாய்விட்டு அழ உங்கள் வாசலுக்கு வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

சுகுமாரி


கிழக்கேவிளை
1 நவம்பர் 2024

சுகுமாரிக்கு,

வர வேண்டாம்.

புண் எலும்பு வரை போய், காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். இவர் உயிரோடு இருந்தவரை தூக்க ஒரு ஆளுக்காக நான் வீடு வீடாகக் கெஞ்சினேன். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும் என்றார்கள், பதினாலு பேர் வந்து நின்றார்கள்.

தம்பியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அது உனக்காக இல்லை. கடைசி வரை இவர் காலை ஆறரைக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எதிர்பார்த்த ஒரே ஆளின் மனதை நான் கெடுக்க வேண்டாம் என்று இருந்தேன். அதையும் நீயே செய்துவிட்டாய்.

உன் வீட்டில் கோடு போட்டதுபோல் என் வீட்டில் போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டிருந்தாய். யோசித்தேன். ராத்திரி பகலாக யோசித்தேன். உன்னைக் கூப்பிட்டு, "மக்கா, இது என்ன எழுதியிருக்குன்னு வாசி" என்று கேட்டிருப்பேன்.

ஞானபாய்


தோட்டத்துவிளை
11 ஆகஸ்ட் 2025

ஞானக்காவுக்கு,

நீங்கள் இதைப் பிரிக்காமல் போட்டுவிடுவீர்களோ என்ற பயத்தோடு எழுதுகிறேன்.

பழைய கேட்டு இருந்த இடத்தில் ஒரு நடைமேம்பாலம் கேட்டு மனு கொடுக்கலாம் என்று எங்கள் வார்டு மெம்பர் ஸ்ரீஜித் சொல்கிறார். படி ஏறி இறங்குகிற சின்னப் பாலம். யாருடைய இடமும் போகாது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டால் நடக்க வாய்ப்பு உண்டு என்கிறார். மேற்கே நாங்கள் போட்டுவிட்டோம். கிழக்கே போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தானாம். "ஞானக்கா போட்டா நாங்களும் போடலாம்." நீங்கள் போடாமல் ஒரு வீடும் தொடமாட்டோம் என்கிறார்களாம். போன தடவை நடந்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மனுவை இதோடு வைத்திருக்கிறேன். மலையாளத்தில்தான் இருக்கிறது. நான் வாசித்துச் சொல்லமாட்டேன். ஜின்சியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு இதில் என்ன லாபம் என்று நினைப்பீர்கள், அதையும் சொல்கிறேன். இவர் மார்ச் மாதம் நந்தனாவின் வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. கடையையும் கொடுத்துவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. ஃபோன் செய்தால் எடுப்பார், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பார், அதற்கு மேல் பேச்சு இருக்காது. லேகா வீட்டை விற்றுவிட்டுக் கள்ளிக்காட்டுக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்கு வந்தவர்களோடு எனக்கு இன்னும் பழக்கமாகவில்லை. கிணறு இருக்கிறது, அடுக்களை இருக்கிறது. நாலு நாள் நான் வாயைத் திறக்காமலேயே இருந்திருக்கிறேன் என்று போன வாரம்தான் எனக்கே தெரிந்தது. காய்கறிக்காரனிடம் பேசியபோது குரல் கட்டியிருந்தது.

நூறு எட்டு என்று நான் எழுதியது கோபத்தில் எழுதியது. அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பாலம் வரட்டும் அக்கா. நீங்கள் என்னைக் கூப்பிட வேண்டாம், நான் வந்து வாசலில் நிற்கிறேன்.

சுகுமாரி


கிழக்கேவிளை
7 செப்டம்பர் 2025

சுகுமாரிக்கு,

மனுவை வாசித்தேன். ஜின்சியிடம் கொடுக்கவில்லை, நானே வாசித்தேன். ஒரு வருஷமாக அவளிடம் எழுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஒரு பக்கம்தான், ஆனாலும் ஒரு வரியைக்கூட விடவில்லை. ஒளித்துவைத்தது எதுவும் அதில் இல்லை, நல்ல மனு. நான் கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரியில் சஜன் லீவில் வந்து போனான், ஜின்சி இப்போது ஏழு மாதம். பாலம் வந்தால் அந்தப் பக்கத்து பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது லேசாகும். கிழக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? விருப்பம் உள்ளவர்கள் போடட்டும், நான் யாரையும் தடுக்கவில்லை என்று ஸ்ரீஜித்திடம் சொன்னேன். நான் போடாமல் அவர்கள் போடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் செய்வது அவர்களுக்குத் துரோகம்தான். ஜின்சி மூன்று நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "மாமி, செத்தவங்களுக்காக இருக்கவங்கள நடக்க வைக்காதீங்க" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ எழுதியதைக் கோபத்தில் எழுதியது என்கிறாய். இல்லை, அதுதான் நீ எனக்கு எழுதியதிலேயே உண்மையான வரி. சுவர் வந்த பிறகு எங்கள் கூட்டம் வேறு, எங்கள் நல்லது கெட்டதுக்கு வருகிறவர்கள் வேறு. முதலில் வயிறு எரிந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது கிழக்கே ஐந்தாவது வீட்டுக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை நுள்ளுகிறாள். இருபது வருஷம் அவளோடு நான் பேசியதில்லை, ஏனென்றால் எனக்கு நீ இருந்தாய்.

நீ மட்டும்தான் தனியாக இருக்கிறாய் என்று நினைக்காதே. இவர் படுத்திருந்த அறையை நான் இன்னும் பூட்டியே வைத்திருக்கிறேன். உன்னைத் திட்டவாவது நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றாத நாள் இல்லை. மொட்டைமாடிக்கு நான் இப்போதும் போகிறேன். மார்ச்சுக்குப் பிறகு உன் கொடியில் சேலை மட்டும் காய்வதைப் பார்த்துத்தான் தம்பி வீட்டில் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் போடவில்லை, சுகு. பாலம் வந்தால் நீ ஏறி வருவாய். சொன்னபடி வாசலில் வந்து நிற்பாய். நான் ஒரு நாள் பார்க்காததுபோல் இருப்பேன், இரண்டு நாள் இருப்பேன். மூன்றாம் நாள் "வா, இரி" என்று சொல்லிவிடுவேன். காப்பியும் போட்டுக் கொடுப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அப்படி நடந்தால் ராஜையாவின் பக்கம் நிற்க இந்த உலகத்தில் ஒருத்தர்கூட மிச்சம் இருக்கமாட்டார்கள்.

சுவர் இருக்கட்டும்.

ஞானபாய்